ஜி கார்னருக்கு ஒரு விலை பேசுவோம்



சென்ற இதழுக்கு வந்த கடிதங்களில் ஓர் அஞ்சலட்டை. பொன்மலைப்பட்டி வாசகர் ஒருவர் எழுதியது. நலம் விசாரிப்பு கிடையாது, பாராட்டு கிடையாது, நேராகக் கேள்வி: ‘ஜி கார்னர் மைதானத்தை ரயில்வேயிடமிருந்து மாநகராட்சியே விலைக்கு வாங்கிவிட்டால் என்ன?’ படித்துக் காட்டியதும் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். “அப்படியே மலைக்கோட்டைக்கும் ஒரு விலை கேட்டுவிடச் சொல்லுங்கள் சார்” என்றார். எனக்கு அது சிரித்துத் தள்ளுகிற கேள்வியாகப் படவில்லை. இந்த மாதப் பக்கத்தை அந்த அஞ்சலட்டைக்கே கொடுத்துவிட்டேன்.

திருச்சியில் மற்ற பகுதிக்காரர்கள் பொன்மலைக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு காரணம் உண்டென்றால் அது அங்கே இருக்கும் இடம்தான். தில்லைநகரிலும் உறையூரிலும் இரண்டு சக்கர வண்டியை நிறுத்த இடம் தேடுகிறோம். ஆர்மரி கேட்டைத் தாண்டிப் பொன்மலைக்குள் நுழைந்தால் சாலை அகலமாகிறது, இரு பக்கமும் மரம் நிற்கிறது, குவார்ட்டர்ஸுகளுக்கு இடையே காலி இடம் கிடக்கிறது. பிள்ளைகள் ஸ்டம்பை நட்டுவிட்டு நிதானமாக ரன் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குத் திருச்சியின் பாதி வந்து போகிறது. இதையெல்லாம் ‘நம்ம இடம்’ என்றுதான் பேசுகிறோம். பத்திரத்தில் அப்படி இல்லை. எல்லாம் ரயில்வே நிலம்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்துப் பணிமனையை இங்கே கொண்டுவரத் தீர்மானித்து, 1926 வாக்கில் வேலை தொடங்கி, 1928-இல் ஒர்க்‌ஷாப்பை இயங்க வைத்தது. கூடவே தொழிலாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பையும் திட்டம் போட்டுக் கட்டியது. தெரு, மைதானம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை என்று எல்லாவற்றுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கினார்கள். கம்பெனிக்காரன் தர்மத்துக்குச் செய்யவில்லை. ஆட்கள் பக்கத்திலேயே இருந்தால்தான் சங்கு ஊதியதும் உள்ளே போவார்கள். அதே 1928-இல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே முழுவதும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது என்பதையும், சிங்காரவேலர் அதன் தலைவர்களில் ஒருவராக இருந்து சிறை போனதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். எந்தக் காரணத்துக்காகக் கட்டியிருந்தாலும், திட்டம் போட்டு இடம் விட்ட அந்தப் புத்தியின் பலனை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அனுபவிக்கிறோம். பின்னால் ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்த ஒர்க்‌ஷாப் என்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்தப் பெருமையைச் சுற்றிக் கிடக்கும் மண்ணும் அந்தத் திட்டத்தின் மிச்சம்தான்.

இந்த மண்ணில் வெறும் கிரிக்கெட் மட்டும் நடக்கவில்லை. 1753 ஜூன் மாதம் பொன்மலைப் பாறையைப் பிடிக்க ஆங்கிலேயப் படையும், பிரெஞ்சு-மைசூர்ப் படைகளும் மோதின. ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் வென்றார் என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு அந்தச் சண்டையைவிட முக்கியமாகப் படுவது 1946 செப்டம்பர் 5. ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர்கள் கூடுகிற சங்கத்திடலில் போலீஸ் சுட்டது. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடி மாலை போடுகிறார்கள். ஒரு திடல் இருந்ததால்தான் கூட முடிந்தது. இன்று நினைவுகூரவும் முடிகிறது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சங்கம் வளர்ந்ததாக எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

இனி ஜி கார்னர். பொன்மலையில், சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய மைதானம். 2013 செப்டம்பரில் நரேந்திர மோடி கலந்துகொண்ட பா.ஜ.க.வின் இளந்தாமரை மாநாடு அங்கேதான் நடந்தது. அத்தனை கூட்டத்தைத் தாங்குகிற இடம் திருச்சியில் வேறு எத்தனை இருக்கிறது, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. காந்தி மார்க்கெட்டின் நெரிசலில் இடைவெளி விடு என்று யாரிடம் சொல்வது? மொத்தக் காய்கறி வியாபாரத்தை ஜி கார்னருக்கு மாற்றினார்கள். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி என்று வியாபாரிகள் புலம்பினாலும் ஊருக்குக் காய்கறி கிடைத்தது. இதற்கு முன்பே, 2017-இல், மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாய் செலவில் மத்திய வணிக வளாகத்தைக் கட்டித் திறந்திருந்தார்கள். வியாபாரிகள் அங்கே போக மறுத்துவிட்டார்கள், தூரம் என்றார்கள். பணம் போட்டுக் கட்டிய கட்டடம் காத்துக் கிடந்தது. ஒன்றுமே கட்டாத மைதானம் ஆபத்துக்கு உதவியது. நகரத்துக்குள் காலியாக ஓர் இடம் இருப்பதன் மதிப்பை இதைவிடத் தெளிவாக எந்த வல்லுநரும் சொல்லப்போவதில்லை.

சரி, மாநகராட்சிக்கென்று திறந்தவெளி எவ்வளவு? 1994-இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகளைச் சேர்த்துத் திருச்சி மாநகராட்சி ஆனது. ஊர்கள் சேர்ந்தன, வரி சேர்ந்தது, குப்பையும் சேர்ந்தது. மைதானங்கள் சேரவில்லை, அவை ஏற்கெனவே வேறு கைகளில் இருந்தன. பொன்மலையில் பெரிய இடமெல்லாம் ரயில்வேயிடம். ஸ்ரீரங்கம் மேலூரில் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோமே, அந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வனத்துறையிடம். ஜங்ஷன் பக்கம் ராணுவத்திடம். காவிரிக் கரையும் வாய்க்கால் கரைகளும் நீர்வளத் துறையிடம். மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறை ஆளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்பின் எட்டரை லட்சம் மக்களை வைத்து, ஆளுக்குப் பத்து என்றே பெருக்கினாலும் சுமார் 2,100 ஏக்கர் வருகிறது. மாநகராட்சியின் பூங்காக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள், மூச்சு வாங்காது. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும்.

இந்தத் துறைகளிடம் நிலம் கேட்டுப் பெறுவது எப்படிப்பட்ட காரியம் என்று திருச்சிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜங்ஷன் மேம்பாலம் இருக்கிறது சாட்சிக்கு. 2014-இல் தொடங்கிய வேலை. மற்றக் கைகள் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் சென்னை பக்கத்துக் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. தடை, முக்கால் ஏக்கர்கூட இல்லாத ராணுவ நிலம். டெல்லிக்குக் கடிதம், டெல்லியிலிருந்து கடிதம், நிலத்துக்கு ஈடாக அதே மதிப்பில் கட்டுமானம் செய்து தரும் பேச்சு என்று இழுத்து, 2022-இல் வேலை செய்ய அனுமதி கிடைத்து, 2023-இல்தான் பாலம் முழுதாகத் திறந்தது. ஒரு பாலத்துக்கே இந்தப் பாடு என்றால் மைதானத்துக்கு யார் அலைவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாலம் பாதியில் நின்றபோது ஊரே திட்டியது, பத்திரிகைகள் எழுதின, எல்லாக் கட்சிகளும் மனு கொடுத்தன. மைதானத்துக்காக யாரும் இதுவரை திட்டவில்லை. அதனால்தான் அது எந்த மேசையிலும் கோப்பாகக்கூட ஆகவில்லை.

வாசகரின் கேள்வியிலுள்ள ‘விலைக்கு’ என்ற சொல்லில் மட்டும் ஒரு சிக்கல். ரயில்வே தன் நிலத்தை முழு விலைக்கு விற்பது அபூர்வம். நாடு முழுவதும் நான்கே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம் அது. அதில் தண்டவாளமும் நிலையமும் போக, பல பத்தாயிரம் ஹெக்டேர் காலி. அந்தக் காலி இடத்திலிருந்து வருமானம் பார்க்கவென்றே ரயில் நில மேம்பாட்டு ஆணையம் என்று ஓர் அமைப்பைச் சட்டத் திருத்தம் செய்து ஏற்படுத்தி இருபதாண்டு ஆகப்போகிறது. நகரத்தின் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இடத்தைக் குத்தகைக்கு விட்டு வணிக வளாகம் எழுப்புவது அதன் வேலை. அதைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த வேலையைச் செய்கிறார்கள். 2022 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரயில்வே நிலக் குத்தகைக்கு ஒரு புதிய கொள்கையை ஏற்றது. சரக்கு முனையங்களுக்கு ஆண்டுக்குச் சந்தை மதிப்பில் ஒன்றரை சதவீதம், 35 ஆண்டு வரை. மருத்துவமனை, கேந்திரிய வித்யாலயா போன்றவற்றுக்குச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒரு ரூபாய். இங்கேதான் நமக்கு ஒரு கதவு தெரிகிறது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் ஒரு ரூபாய் என்றால், நோய் வராமல் இருக்க நடக்கிற இடத்துக்கும் பள்ளி விட்டதும் ஓடுகிற இடத்துக்கும் அதே கணக்கைக் கேட்பதில் என்ன தப்பு? விலைக்குக் கிடைக்காவிட்டால் நீண்ட குத்தகை. அதுவும் இல்லாவிட்டால் ரயில்வேக்குப் பயன்படும் வேறோர் இடத்தை மாநில அரசு கொடுத்து மாற்றிக்கொள்வது. கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

தனியார் நிலம் என்றால் வழி வேறு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, முழுமைத் திட்டத்தில் ‘பூங்கா’ என்று பச்சை அடித்த நிலத்தை உரிமையாளரோடு பேசி ஒப்பந்தத்தில் வாங்கலாம், படியாவிட்டால் கையகப்படுத்தலாம். அந்தச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைத்தான் எல்லா மாமன்ற உறுப்பினர்களும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுக்குள் வாங்கவும் இல்லை, கையகப்படுத்தும் அறிவிப்பும் இல்லை என்றால் அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகிவிடும். உரிமையாளர் நீதிமன்றம் போனால் தீர்ப்பு அவர் பக்கம். எத்தனையோ ஊர்களில் இப்படிப் பச்சை அடித்த இடங்கள் அடுக்குமாடிகளாகியிருக்கின்றன. உரிமையாளரைத் திட்டிப் பயனில்லை. ஒருவர் நிலத்தில் ‘இது பூங்கா’ என்று எழுதிவிட்டுக் காசும் கொடுக்காமல், விற்கவும் விடாமல் வைத்திருப்பது அநியாயம்தான். பச்சைக் கலர் அடிக்கிற கை காசோலையிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த கேள்வி, பேரம் எங்கே நடப்பது? மாமன்றக் கூட்டத்தில் ‘இந்த நிலத்தை எந்த விலை ஆனாலும் வாங்குவோம்’ என்று மேசையைத் தட்டினால், மறுநாள் காலை அந்த நிலத்தின் விலை ஏறியிருக்கும். அதற்காக மூடிய அறைக்குள்ளேயே பேசி முடித்தால், யாருக்கு எவ்வளவு போனது என்ற சந்தேகம் ஆயுளுக்கும் தீராது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்று ஒரு சிறு நகரம். மலையடிவாரத்து ஊர். 1967-இல் அந்த ஊர் மக்கள் தங்களுக்குத் தாங்களே வாக்களித்து, விற்பனை வரியில் 0.4 சதவீதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள், திறந்தவெளி வாங்கவென்றே. அந்த நாட்டில் இதற்கென்று வரி போட்டுக்கொண்ட முதல் நகரம் அது. இன்று அந்த நகராட்சியின் கையில் 45,000 ஏக்கருக்கு மேல் திறந்தவெளி. அந்த மாநிலச் சட்டம், நிலத்துக்கு விலை பேசும் உத்தியை மட்டும் மன்றம் தனியே அமர்ந்து விவாதிக்க விடுகிறது. வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை மக்கள் முன்னால்தான் எடுக்க வேண்டும். பேரம் முடியும்வரை வாய்க்குப் பூட்டு, முடிவெடுக்கும்போது கதவு திறப்பு. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நம்மிடம் அந்தப் பணம் எங்கே என்று கேட்கலாம். பாதாளச் சாக்கடை முடியாத தெருக்கள் இருக்கின்றன, மழைக்காலத்தில் படகு விட வேண்டிய தெருக்களும் இருக்கின்றன. பசித்தவனிடம் பூங்காவைப் பற்றிப் பேசாதே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாக்கடையை அடுத்த ஆண்டும் கட்டலாம், அதற்கடுத்த ஆண்டும் கட்டலாம். கட்டடம் ஏறிவிட்ட மைதானத்தை எந்த ஆண்டும் திரும்ப வாங்க முடியாது. தவிர, ஒரு வருமானம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழகத்தில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர் சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடம் கொடுக்கலாம், அல்லது வழிகாட்டி மதிப்புக்குப் பணம் கட்டிவிடலாம். பலர் பணத்தைக் கட்டிவிட்டு இடத்தை விற்றுக்கொள்கிறார்கள். இடத்துக்குப் பதிலாக வந்த பணம் இடம் வாங்கத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. அதைத் தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் பட்ஜெட்டில் இவ்வளவு வந்தது, இந்த நிலம் வாங்கினோம் என்று மேயர் ஒரு வரி வாசித்தால் போதும்.

வாங்கிவிட்டால் மட்டும் ஆயிற்றா? சென்னைக்காரர்களைக் கேளுங்கள். 1859-இல் கவர்னர் சார்லஸ் ட்ரெவல்யன் மக்கள் பூங்காவை உண்டாக்கியபோது அது 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. பிறகு விக்டோரியா பொது மண்டபத்துக்குக் கொஞ்சம், மூர் மார்க்கெட்டுக்குக் கொஞ்சம், மாநகராட்சியே தன் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு எடுத்துக்கொண்டது கொஞ்சம், விளையாட்டரங்குக்குக் கொஞ்சம். ஒவ்வொன்றும் நல்ல காரியம்தான், ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. கடைசியில் பூங்கா இல்லை. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. ஆக, சென்னையில் மக்கள் பூங்காவின் ஒரு துண்டு ரயில்வேக்குப் போயிருக்கிறது. பொன்மலையில் ரயில்வேயின் ஒரு துண்டு மக்களுக்கு வந்தால் கணக்கு நேராகிவிடும் என்று தெற்கு ரயில்வே அதிகாரிகளிடம் யாராவது புன்னகையோடு சொல்லலாம்.

பூங்காவை விழுங்க வந்தவர்களை மக்கள் தடுத்த கதையும் உண்டு. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனை நல்லதுதானே என்ற வாதத்தை ஏற்காமல், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்கா என்று வைத்ததைப் பூங்காவாகவே வைக்கச் சொல்லும் உரிமை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். அறுபது ஆண்டுக்கு மேல் வயதான சட்டம், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ரயில்வேயின் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிட வேண்டும். நாளைக்கே புதிய பாதை, புதிய பணிமனை என்று அவர்களுக்கு இடம் தேவைப்படலாம். அதனால் முழுவதையும் கொடு என்று நிற்பது அசட்டுத்தனம். ஓட்டப் பாதை, ஒரு விளையாட்டுத் திடல், நாலு வரிசை மரம், மாநாட்டுக்கும் பேரிடர் காலத்துக்கும் ஒரு வெட்டவெளி. இதற்கு எவ்வளவு வேண்டும் என்று மாநகராட்சி முதலில் அளந்து சொல்லட்டும். அதைக் கட்டடம் ஏறாத இடமாகவே வைப்போம் என்று எழுதியும் கொடுக்கட்டும். எதற்கும் உபயோகமில்லாமல் கிடக்கும்போதுதான் நிலத்துக்கு விலை பேசலாம். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்த பிறகு மாமன்றம் தீர்மானம் போட்டால் அது கண்டனத் தீர்மானமாகத்தான் இருக்கும்.

பொன்மலைப்பட்டி நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில்: வாங்கலாம். விலைக்கோ, குத்தகைக்கோ, மாற்று நிலத்துக்கோ. வாங்க வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டிய இடம் எங்கள் அலுவலகம் இல்லை. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. கிராம சபை மாதிரிதான். தெரு விளக்கு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை என்பவற்றோடு மைதானத்தையும் ஒரு கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள், ஒப்புகையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ‘பூங்கா’ என்றோ ‘பொது உபயோகத்துக்கு’ என்றோ ஓர் இடம் குறித்திருக்கும். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வார்டு எண்ணோடும் தெருப் பெயரோடும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு வார்டாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்